நாலு மணிக்குப் பிறகு அப்பாவுக்கு வந்த பொறுப்பு

ஸ்காபரோ, கனடா,
நவம்பர், ஞாயிறு பூசை முடிந்து வந்து

அன்புள்ள மகள் ஷரோனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவருடைய சீனி வருத்தமும் என்னுடைய முழங்கால் வருத்தமும் எங்களை விட்டுப் போகாமல் கூடவே சுகமாக இருக்கின்றன. நீ சுகம் என்பதை வட்சப்பில் நீ மாற்றுகிற படத்தைப் பார்த்துத்தான் அறிகிறோம். போன கிழமை மலைக்கு முன்னால் தொப்பி இல்லாமல் நிற்கிறாய், கல்கரியில் தொப்பி விற்பதில்லையா. இந்தக் காலத்தில் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் தொடங்கினால் பாதியில் மீற்றிங் என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்கமுடியாது, வைத்தாலும் அது எடுத்து வாசிக்கும்வரை மேசையில் கிடக்கும். யேசு பாலன் பிறக்கிற நத்தாருக்கு லீவு கிடைக்காது என்று நீ சொன்ன நாளில் இருந்து எனக்கு மனம் சரியில்லை. லீவு இல்லை என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கோடையில் வந்தபோது நடந்ததை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்றுதான் நான் நினைக்கிறேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நடந்ததை நான் மறைக்கப்போவதில்லை. ஒஷாவாவில் உன் சிநேகிதி ஸ்டெபனி வீட்டுக்குப் போனவள் இரவுச் சாப்பாட்டுக்கு வருவேன் என்றாய், போனில் சார்ஜ் போய்விட்டது, கொஞ்சம் பிந்திவிட்டது, உலகத்தில் நடக்காத காரியமா. அதற்குள் உன் அப்பா ஸ்டெபனியின் மாமியில் தொடங்கிப் கோயில் பாட்டுக் குழு றிச்சர்ட், பிறகு பங்குச் சுவாமியார் என்று எல்லோருக்கும் போன் எடுத்து முடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு பூசையில் ஆளாளுக்கு வந்து, கிடைச்சிட்டியோ பிள்ளை என்று உன்னைக் கேட்டார்கள். கிளடிஸ் அன்ரி ஒருபடி மேலே போய், தொலைந்த சாமான் கிடைக்க அந்தோனியாருக்குக் கொளுத்துகிற மெழுகுதிரியை உனக்காகக் கொளுத்தினதாகச் சொன்னார். நீ முகம் சிவந்து வீட்டுக்கு வந்து, நான் சமைக்கிற குசினி வாசலில் நின்று, முப்பத்திரண்டு வயசு ஆள் நான், எங்கை துலைஞ்சு போகப்போறன், அதுக்குள்ளை ஊருக்கெல்லாம் போன் எடுக்கிறதோ என்று கேட்டாய். இரண்டு நாள் முந்தியே போயும் விட்டாய். அப்பா பிழை செய்ததாக அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. போன மாதம் றேடியோவில் ஒரு வக்கீல், இந்த மாகாணத்தில் பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நடுச்சாமத்துக்குப் பிறகு பொது இடத்தில் தனியே திரியவிடக்கூடாது, அது பெற்றோரின் பொறுப்பு என்று விளக்கினார். அப்பா சத்தத்தைக் கூட்டிவைத்து, கேட்டியே பேர்ணடெற், சட்டமே என்ரை பக்கம் என்றார். நான் சொன்னேன், பதினாறு எண்டுதான் அந்தாள் சொல்லுது, முப்பத்திரண்டு எண்டு சொல்லேல்லை. அதற்குப் பிறகு றேடியோ நின்றுவிட்டது.

இனித்தான் கதை இருக்கிறது. இங்கே பக்கத்துக் கடைத்தொகுதி மோலில் பெடியங்கள் அடிபட்டார்கள் என்று புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் அடல்ற் என்று ஒரு பெரிய ஆள் துணைக்கு இல்லாமல் உள்ளே இருக்க முடியாது. அப்பாவும் இரத்தினவேல் அண்ணையும் தினமும் அங்கே ஃபூட் கோர்ட்டில் ஒரு கோப்பியை வாங்கி இரண்டு கப்பில் ஊற்றி வைத்துக்கொண்டு நாட்டைத் திருத்துவது உனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் எட்டாம் மாடிக்கு நிரூபா என்று ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், நீ கண்டதில்லை, மகளோடு தனியாக இருக்கிறாள். பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை, றோட்டில் நெரிசல் இல்லாவிட்டால்தான் ஏழு மணிக்காவது வந்து சேர்வாள். மகள் அட்சயாவுக்குப் பதினாலு வயது. ஆள் இல்லாத வீட்டில் சத்தம் இல்லாமல் இருப்பது அவளுக்குப் பயம், அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் ஃபூட் கோர்ட்டில் இருந்து ஹோம்வேர்க் செய்வாள். விதி வந்த அன்று செக்கியூரிற்றி அவளை வெளியே அனுப்பிவிட்டான். அவள் வாசலில் நின்று, உள்ளே போன அப்பாவை மறித்து, அங்கிள் எனக்கு நீங்கள் அடல்ற்றாய் வாறிங்களா என்று கேட்டிருக்கிறாள். அப்பா நிரூபாவுக்குப் போன் எடுத்தார். அவள், ஓம் அங்கிள், நீங்கள் எண்டால் எனக்கு நிம்மதி என்று சொன்னாளாம். இந்த மனிசனுக்கு அது போதாதா. அடுத்த நாள் காற்சட்டையை அயன் பண்ணி, பூசைக்குப் போடுகிற சப்பாத்தைப் போட்டு, நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிற மாதிரிக் கிளம்பினார்.

முதல் கிழமை அவர் என்ன செய்திருப்பார் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ அதில் பட்டம் வாங்கினவள். கணக்கில் எத்தனை மாக்ஸ், நகத்தில் என்ன கறுப்புப் பூச்சு, அந்த நீலச் சட்டைப் பெடியன் யார், ஏன் அவன் இந்தப் பக்கம் பார்க்கிறான், எல்லாம் கேட்டார். பெடியங்களுக்கு முதுகைக் காட்டி இருக்கச் சொல்லிக் கதிரையையும் திருப்பி வைத்தாராம். நாலாம் நாள் அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடிவைத்து, மரியாதையாகத்தான் சொன்னாளாம், அங்கிள், நீங்கள் எனக்கு அடல்ற்றாய் இருந்தால் போதும், அப்பாவாய் இருக்க வேண்டாம், இல்லையெண்டால் நான் பஸ் ஸ்ரொப்பிலையே இருக்கிறன் என்று. அதை அப்படியே வந்து என்னிடம் சொன்னது இரத்தினவேல் அண்ணை, உன் அப்பா சொல்லவில்லை. ஆனால் அன்றோடு ஆள் வாயை மூடப் பழகினார். எனக்கு நம்பிக்கை வராமல் ஒருநாள் மரக்கறி வாங்குகிற சாட்டில் போய்ப் பார்த்தேன். பிள்ளை காதில் வயரைப் போட்டுக்கொண்டு கணக்குச் செய்கிறது, இவர் பக்கத்தில் இருந்து கூரையைப் பார்க்கிறார், வாய்க்குள் ஒரு கேள்வி வந்து வந்து போகிறது, கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தலை நிமிராமலே தன்னுடைய உருளைக்கிழங்குப் பொரியலை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். சீனி வருத்தக்காரர் எடுத்துச் சாப்பிட்டார். நானும் கண்டும் காணாமல் வந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமைதான் விஷயம் நடந்தது. அப்பா சீனி பார்க்க இரத்தம் கொடுக்கப் போன இடத்தில் நல்ல கூட்டம், போனைச் சத்தமில்லாமல் பண்ணி ஜக்கெற்றுக்குள் வைத்துவிட்டார், நாலு மணி தாண்டிவிட்டது. அட்சயா மோல் வாசலில் குளிருக்குள் நின்றிருக்கிறாள். இரத்தினவேல் அண்ணை, வா பிள்ளை, இண்டைக்கு நான் இருக்கிறன் உனக்கு என்று கூப்பிட்டும் அவள் உள்ளே போகவில்லை. நீக்கிலாஸ் அங்கிள் பிந்துகிற ஆள் இல்லை, அவருக்கு ஏதோ நடந்திட்டுது என்று அப்பாவுக்கு எடுத்து, எனக்கு எடுத்து, வேலையில் நின்ற தாய்க்கு எடுத்து, பிள்ளை பதறிப்போய்விட்டது. அப்பா பஸ்ஸால் இறங்கி ஆற அமர நடந்து வந்தபோது அழுகிற குரலில் பேச்சு விழுந்ததாம், லேட் எண்டால் போனிலை ஒரு ரெக்ஸ்ற் மெசேஜ் போடேலாதா அங்கிள், ஐ வாஸ் ஸோ ஸ்கெயார்ட் என்று. ஆள் வீட்டுக்கு வந்தது நல்ல கோபத்தோடு. ஜக்கெற்றைக் கழற்றிக்கொண்டே, அறுபத்தொன்பது வயசு ஆள் நான், எங்கை துலைஞ்சு போகப்போறன், அதுக்குள்ளை ஊருக்கெல்லாம் போன் எடுக்கிறதோ என்றார். எனக்குச் சிரிப்பு வந்து கதிரையைப் பிடித்து இருக்கவேண்டியதாய்ப் போனது. என்னத்துக்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார். இந்தக் கதையை ஆடி மாதமும் இதே குசினியிலை கேட்டனான், வயசு மட்டும்தான் வேறை என்றேன். ஒரு கை ஜக்கெற்றுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அப்படியே நின்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த நாள் காலமை பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, அண்டைக்கு ஷரோனுக்கும் இப்பிடித்தான் கோவம் வந்திருக்கும் என்ன என்று கேட்டார். ஓம் என்றேன். பாணை ஒரு கடி கடித்துவிட்டு, ஆனால் அட்சயா நடிக்கேல்லை பேர்ணடெற், உண்மையாப் பயந்துதான் நிண்டது என்றார். அவர் ஆடி மாதம் நின்ற நிலையை அவரே வெளியில் இருந்து பார்த்துவிட்டார், உன் கோபத்தையும் பார்த்துவிட்டார், இரண்டையும் ஒரே நாளில் பார்த்ததில் ஆள் கொஞ்சம் களைத்துப்போனார், எனக்குப் பாவமாகவும் இருந்தது. இப்போது எங்கே போனாலும் ஒரு விரலால் தட்டித் தட்டி அட்சயாவுக்கு ரெக்ஸ்ற் போடுகிறார், டொக்ரரிடம் போனாலும் போடுகிறார், தலைமயிர் வெட்டப் போனாலும் போடுகிறார். கட்டின என்னிடம் நாற்பது வருஷமாகச் சொல்லாமல் போய்வந்த மனிசன் இவர்.

நத்தாருக்கு நீ வந்தால் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய் என்று கேட்கவே மாட்டாராம், இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். நீ நம்பாதே, கேட்பார். வாசல்வரை வந்து வாயை மூடிக்கொண்டு நிற்பார், நீ சப்பாத்தைப் போட்டு முடிக்கிறதுக்குள் கேட்டுவிடுவார். ஆனால் மகள், அவரை வைத்து இவ்வளவு பகிடி பண்ணின நான் உனக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். நீ வளர்ந்த காலத்தில் ஒருநாளும் நான் உன்னை எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டதில்லை, அம்மா நல்லவ, அப்பாதான் பொலிஸ் என்று நீ ஸ்டெபனிக்குச் சொன்னது என் காதிலும் விழுந்தது, நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. அவர் உன்னைக் கேட்கும்போது நான் குசினியில் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு உன் பதிலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். எனக்கும் சேர்த்துத்தான் அவர் கேட்டவர், உன் கோபத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டார்.

மாதா உன்னைக் கைவிடமாட்டா, போகிற வழியிலும் வருகிற வழியிலும் உன்னோடு இருப்பா. தொப்பி போடு, இரவில் நூடில்ஸை மட்டும் சாப்பிட்டுப் படுக்காதே. லீவை இன்னொருதரம் கேட்டுப் பார். பிளேன் ரிக்கெற் எடுத்தால் எனக்குச் சொல்லவேண்டாம், அப்பாவுக்கு ரெக்ஸ்ற் போடு. எனக்குச் சொல்ல அவர் ஓடி வரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
பேர்ணடெற் நீக்கிலாஸ்