எதிர்ப்பொருளும் கீழேதான் விழுந்ததாம்

என் அன்புக்குரிய எதிர்க்கட்சிக்காரருக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. நீங்கள் போகட்டும் என்று காத்திருந்ததைப் போல இந்தப் புரட்டாசியில் வந்திருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

நான் சீர்காழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர், நீங்கள் விவசாயி. ஆனால் வீட்டில் இயற்பியல் அதிகம் பேசியது யார்? நீங்கள்தான். அந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்றும் எனக்குத் தெரியும். நம்முடைய மேட்டு வயலால் வந்தது. வாய்க்கால் கரை தட்டி ஓடினாலும் அந்த ஒரு வயலுக்கு மட்டும் தண்ணீர் ஏறாது, மோட்டார் போட்டால்தான் உண்டு. ஒருநாள் போனில் எதிர் ஈர்ப்பு பற்றி ஏதோ வீடியோ பார்த்துவிட்டுச் சேற்றுக்காலோடு அடுப்படிக்கே வந்துவிட்டீர்கள்.

"டீச்சரம்மா, கீழ இழுக்க ஒண்ணு இருந்தா, மேல தள்ளவும் ஒண்ணு இருக்கணும்ல?"

"இல்லங்க. ஈர்ப்பு இழுக்க மட்டும்தான் செய்யும்."

"யாரு பாத்தா?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இதே சண்டை. நான் சாதாரணப் பொருளைச் சொன்னால் நீங்கள் எதிர்ப்பொருளுக்குப் போவீர்கள். எல்லாமே நேரெதிராக இருக்கிற பொருள், விழுவதில் மட்டும் நம்மைப் போல இருக்குமா என்பீர்கள். வெளிநாட்டில் அதைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். விடுவீர்களா? "மேல போகலைன்னா என் மீசைய எடுத்துடறேன்" என்று சாப்பாட்டுத் தட்டின் மேல் சத்தியம் செய்தீர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிற மீசை. அதை எடுத்தால் ஊரில் யாருக்கும் உங்களை அடையாளம் தெரியாது என்று நான் சிரித்தேன்.

ஆனியில் அதே மேட்டு வயலில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நம் பிள்ளை கார்த்தி சிங்கப்பூரிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி அவன் வாசலில் நின்றபோது மொட்டைத்தலை, மீசை இல்லாத முகம். உங்கள் மீசையைப் பார்த்து ஆசைப்பட்டு அவன் வளர்த்தது. பெண்களெல்லாம் ஓவென்று அழுதார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. "அழுதுடுங்க அண்ணி, உள்ளயே வச்சுக்காதீங்க" என்று உங்கள் தங்கை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே அழ?

இன்னும் அப்படித்தான் இருக்கிறேன். பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன். 'விழும்' என்று போர்டில் எழுதுகிறேன், அழிக்கிறேன். சோற்றில் உப்பு போட்டேனா என்பது சாப்பிட்டு முடித்த பிறகும் தெரிவதில்லை. மரத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

ரிசல்ட்டைச் சொன்னதும் கார்த்திதான். போன் பண்ணினான்.

"அம்மா, எதிர்ஹைட்ரஜன் அணுவ காந்தக் கூண்டுல அடைச்சு வச்சு, மெதுவா தொறந்து விட்டாங்களாம். முக்காவாசி கீழதான் போச்சாம். நீ ஜெயிச்சுட்டம்மா."

"சரிப்பா."

"அப்பா மீசைய எடுக்கணுமே..." என்று சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"அதான் நீ எடுத்துட்டியே" என்றேன்.

அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஏங்க, ஜெயித்தால் இப்படியா இருக்கும்? பந்தயம் முடிந்துவிட்டால் நமக்குள் பேச இனி என்ன மிச்சம்? அது ஒன்றுதான் பயமாக இருந்தது. இத்தனை மாதத்தில் எனக்கென்று தோன்றியது அந்தப் பயம் ஒன்றுதான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் கட்சிக்காக வாதாடிப் பார்த்தேன். எதிர்ப்பொருள் வேறு, எதிர்நிறை வேறு. எதிர்நிறை உள்ள, அதாவது நிறையே மைனஸாக இருக்கிற துகளை யாரும் பார்த்ததில்லை, கணக்கில் மட்டும் வருகிறது. அதைத் தள்ளினால் தள்ளுகிற கையை நோக்கியே வரும். நீங்கள் இருந்திருந்தால் "அப்பிடியே எங்க டீச்சரம்மா" என்றிருப்பீர்கள். ஆனால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அது விலக்கித் தள்ளும். அந்தத் துகளை வேண்டிய மட்டும் சேர்த்து நம் வாய்க்காலுக்கு அடியில் புதைத்தால், தண்ணீர் மேலே எழும்ப வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மலையளவு இருந்தாலும் காணாது. ஆனாலும் மேலே தள்ளுகிற ஒன்று கணக்கில் இருக்கிறது. இல்லவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் பார்த்தார்கள்?

சொன்ன சொல்படி நீங்கள் தோற்றீர்கள். ஆனால் இப்போது எதிரியும் நானே, நடுவரும் நானே. தீர்ப்பை ஒத்தி வைத்திருக்கிறேன்.

மேட்டு வயலைத் தரிசு போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன். மோட்டார் போட்டுச் சம்பா நடுகிறேன். தினமும் சாயங்காலம் உங்கள் பக்கத்தையும் நானே பேசுகிறேன், விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன். இது சத்தியம். கார்த்திக்கு மீசை திரும்ப வளர்ந்துவிட்டதாம். படத்தில் நீங்களும் மீசையோடுதான் இருக்கிறீர்கள். இருக்கட்டும், எடுக்க வேண்டாம்.

இன்னும் ஜெயிக்காத உங்கள் மனைவி,
டீச்சரம்மா