ஆகஸ்ட் வரை கிறிஸ்துமஸ்

ஜனவரி 7, செவ்வாய்

எங்கள் கடலோர ஊரான ஓசுவில் எல்லார் வீட்டிலும் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. எதிர்வீட்டார் காகிதத் தோரணங்களைக் குப்பையோடு சேர்த்து நேற்றே கொளுத்திவிட்டார்கள். காலையில் என் கணவர் அடோட்டே நாற்காலி மேல் ஏறி, கிறிஸ்துமஸ் மரத்து உச்சி நட்சத்திரத்தில் கை வைத்தார். "இறங்குங்க" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அவர் இறங்கி மரப்பட்டறைக்குப் போய்விட்டார்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கும். அழகான கிறிஸ்துமஸ் யாருக்கு வேண்டும்? என்னுடையது கோணல் கிறிஸ்துமஸ். இடுப்பை ஆட்டி சாக்ஸபோன் ஊதும் பிளாஸ்டிக் தாத்தா – எதிரே யாராவது நடந்தால் போதும், தானாக ஆரம்பித்துவிடுவார். ஜலதோஷம் பிடித்த கொசு போல் பாடும் விளக்குச் சரம். ஆடுகள் கத்துவதையே மெட்டாக்கிய ஒரு குறுந்தகடு. வாழ்த்து அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, மூன்று ஞானிகள் மினிபஸ்ஸில் வருவது. வாசலில் தொங்கும் பையன் "பெத்லகேம், பெத்லகேம், இன்னும் ஒரு ஆள்" என்று கூவுகிறான். பண்டிகைக்கு முன்னால் இதையெல்லாம் ரசிக்க நேரம் ஏது? சமைக்கவே சரியாக இருக்கும். ஜனவரியில்தான் இவை முழுசாக என்னுடையவை.

ஜனவரி 8

நேற்று பாதி உண்மைதான் எழுதினேன்.

வயிற்றில் குழந்தை இருக்கிறது. போன ஜனவரியிலும் இருந்தது. அதற்கு முந்தின ஜனவரியிலும். இரண்டு முறையும், மரத்தைப் பிரித்துப் பெட்டியில் வைத்த அதே வாரம் போய்விட்டது. நடுவில் இன்னொன்று – அது தங்கவே இல்லை. மரத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். சம்பந்தம் இல்லை என்று என் மாணவர்களே சொல்வார்கள். ஆனாலும் பிரிக்க மாட்டேன். பாட்டையும் நிறுத்த மாட்டேன். குழந்தை பிறக்கும்வரை இந்த வீட்டில் கிறிஸ்துமஸ்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அடோட்டேயின் தங்கை அக்வேலே முற்றத்துக்கு அந்தப் பக்க வீட்டில் இருக்கிறாள். ஆராதனை முடிந்து புளித்த சோளமாவு உருண்டையான கெங்கேயும் பொரித்த மீனும் கொண்டுவந்தவள் கதவில் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி, உங்க வீட்டுல மரியாளுக்கு இன்னும் பிரசவமே ஆகலையா? பெத்லகேம்ல மாடு கன்னெல்லாம் கிளம்பிப் போயிடுச்சு."

அவளுக்கு எதுவும் தெரியாது. விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு விளக்குச் சரத்தின் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

மார்ச் 9

ஜனவரியைத் தாண்டிவிட்டோம். பிப்ரவரியையும். ஆட்டுப் பாட்டை இன்று நான்கு தடவை கேட்டேன். கடைசிக் கிடா மூச்சு முட்டி நிறுத்தும் இடத்தில் இன்னும் சிரிப்பு வருகிறது.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

ஊரே கறுப்பு உடுத்தியிருக்கிறது. எங்கள் வீட்டில் சாக்ஸபோன். சிலுவையில் தொங்குகிறவருக்குத் தாலாட்டு. ஆண்டவரே, கோபித்துக்கொள்ளாதேயும்.

மே 12, திங்கள்

மறந்தே போயிருந்தேன். கா இனப் பெண்ணாகப் பிறந்து இதை மறப்பவள் உண்டா? அறுவடைத் திருவிழாவுக்கான சோளத்தைப் பூசாரிகள் விதைத்துவிட்டார்கள். இன்றிலிருந்து ஒரு மாதம் மேளம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, சாவு வீட்டிலும் சத்தம் கிடையாது. விதை அமைதியில்தான் முளைக்கும்.

"ஷோர்மே, ஒரு மாசம்தானே. நிறுத்தி வைப்போம்" என்றார் அடோட்டே.

"மெதுவா வச்சுக்கறேன்."

"மெதுவாவும் கூடாதும்மா."

அவருக்குக் காரணம் தெரியும். நான் சொன்னதில்லை, ஆனால் தெரியும். விளக்குச் சரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து ஓடவிட்டேன்.

மே 17, சனி

வந்துவிட்டார்கள்.

கையில் சிவப்புத் துணி கட்டி, தடையை மீறுகிறவர்களைத் தேடிவரும் நாலு பேர். முன்னால் வந்தவன் அயிட்டே, தெருக்கோடியில் மீன் விற்பவன்தான். வேறு யாரோ வீட்டைத் தேடி முற்றத்துக்குள் வந்திருக்கிறார்கள். என் கதவு திறந்திருந்தது. அவர்கள் குறுக்கே நடந்ததும் தாத்தா இடுப்பை ஆட்டி ஊத ஆரம்பித்துவிட்டார். நாலு பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. விதை மண்ணுக்குள்ள இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

"பேட்டரியைக் கழட்டிடறேன்பா. அது இங்கயே இருக்கட்டும்."

"முடியாதுக்கா. தெருவே கேட்டுச்சு. தடை முடிஞ்சதும் நானே கொண்டாந்து தரேன்."

தாத்தாவை எடுத்தார்கள். ஆட்டுப் பாட்டு ஓடும் ஒலிபெருக்கியை எடுத்தார்கள். தலையணை முனகுவதைக் கேட்டு விளக்குச் சரத்தையும் எடுத்தார்கள். அபராதம் இரண்டு புட்டி ஷ்நாப்ஸ் சாராயம். அயிட்டேயின் அக்குளில் தாத்தா இடுப்பை ஆட்டிக்கொண்டே போனார். வேறு யார் வீட்டில் நடந்திருந்தாலும் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மே 18

ரத்தம். ஒரு பொட்டுதான். ஆனா ரத்தம்.

நான் சொன்னேனே. எடுத்துட்டுப் போயிட்டாங்களே. ஒரு பொம்மைதானேன்னு எல்லாரும் – நாலாவதும் போகப் போகுதா? கடவுளே, நான் என்ன செய்யட்டும்? யார்கிட்டப் போய்க் கேக்கட்டும்?

மே 19

உயிரோடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து, "கேளுங்கம்மா, பிள்ளை ஓட்டப்பந்தயம் ஓடுது" என்றாள். எழுந்து நடமாடக் கூடாதாம். படுத்தே இருக்க வேண்டுமாம். கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கருவியை எடுத்ததும் அழுதுவிட்டேன்.

மே 26, திங்கள்

ஓசு இவ்வளவு மௌனமாக இருக்கும் என்று படுத்த பிறகுதான் தெரிகிறது. கடல் சத்தம் இதுவரை வருகிறது. என் வயிற்றின் ஒவ்வொரு இழுப்பும் கேட்கிற மாதிரி இருக்கிறது. பயத்துக்கு இது ரொம்ப வசதி.

மாலையில் அடோட்டே அட்டைகளை எல்லாம் கட்டில் மேல் பரப்பினார். "சபையாருக்கு அறிவிப்புகள்" என்று மூப்பர் குரலில், கிசுகிசுப்பாக ஒவ்வொன்றாக வாசித்தார். மினிபஸ் ஞானிகளுக்கு வந்ததும், "சில்லறை இல்லாத ஞானி பெத்லகேமுக்கு முன்னாடியே இறக்கிவிடப்படுவார்" என்று அவராகவே ஒன்றைச் சேர்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"மெதுவா சிரி. தடை இருக்கு."

சிரித்து முடித்த பிறகு அவர் என் காலடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டார். "எனக்கும் பயமா இருக்கு ஷோர்மே" என்றார். மூன்று குழந்தைகள் போனபோதும் இந்த மனிதர் இதைச் சொன்னதில்லை.

ஜூன் 3

அக்வேலே தினமும் வந்து வீடு பெருக்குகிறாள். இன்று போகும்போது, "மரத்தைத் தொடாமப் பெருக்கியிருக்கேன் அண்ணி. ஒரு ஜிகினா இழைகூட விழல" என்றாள். யார் சொன்னார்கள் இவளுக்கு? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

தடை நீங்கிவிட்டது. முளை வந்துவிட்டதாம். மதியத்திலிருந்து மேளம். அயிட்டே சொன்னபடியே எல்லாவற்றையும் கொண்டுவந்தான், கூடவே ஒரு பெரிய சங்கரா மீன். "பிள்ளைத்தாச்சின்னு சொல்லியிருக்கலாம்லக்கா" என்று முணுமுணுத்தான்.

அடோட்டே பேட்டரி வாங்கி வரட்டுமா என்றார். பிள்ளை காலையெல்லாம் உதைத்துவிட்டு அப்போதுதான் அடங்கியிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஜூலை 20

இன்னும் மூன்று, நான்கு வாரம். மரத்தைப் பார்க்காமல் தூங்க முடியவில்லை. பார்த்தாலும் தூங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பிள்ளை பிறந்து இன்று எட்டாம் நாள். பெயர் வைக்க விடியற்காலையில் அவளை வெளியே எடுத்தார்கள். அடோட்டேயின் பெரியப்பா கூரை மேல் தண்ணீரை வீசினார். அது மழையாகச் சொட்டி முகத்தில் விழுந்ததும் அவள் வாயைத் திறந்து கத்தியதில் எதிர்வீட்டு நாய் எழுந்துகொண்டது. "டெடே" என்று பெயர் சொன்னார். எங்களில் முதல் பெண்ணுக்கு அதுதான் பெயர். முதல் என்று சொன்னபோது அடோட்டே என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அவளைத் தூங்க வைத்தேன். சுவர் மூலையில் துணிக்கூடை இருந்தது, நிறைய அவளுடைய குட்டித் துணிகள். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அங்கே மரம் இல்லை என்று உறைத்தது.

"எப்ப எடுத்தீங்க?"

"நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே. நான் பிரிக்கறப்ப நீ அது பக்கத்துலதான் உக்காந்து பால் குடுத்துட்டு இருந்த."