முண்டாசும் கதவுக் கைப்பிடியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

பேக்கரியில் தந்த காகிதத் தொப்பி மாவில் விழுந்துகொண்டே இருந்தது. உங்களைப் போல முண்டாசு கட்டிக்கொண்டு போனேன்.

“பொம்பளைக்கு எதுக்கு முண்டாசு? அவுத்துடு” என்றார் சூப்பர்வைசர்.

“மாவுல ஒரு முடி விழட்டும், அவுக்கிறேன்” என்றேன்.

பத்து நாளாயிற்று, ஒன்றும் விழவில்லை. வேலையும் போகவில்லை, பயப்படாதீர்கள்.

துணியை முறுக்கி, நெற்றியிலிருந்து மூன்று சுற்றுச் சுற்றுகிறேன். மதியத்துக்குள் தளர்ந்துவிடுகிறது. கடைசி முனையை எங்கே செருகுவீர்கள்? எழுதுங்கள்.

நீங்கள் முறுக்கும்போது மறுமுனையை நான்தானே பிடிப்பேன்? இங்கே கதவுக் கைப்பிடியில் கட்டிக்கொள்கிறேன். கிளம்பும்போது “போயிட்டு வரேன்” என்பதும் அதனிடம்தான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

முண்டாசை அவிழ்க்காத,
உங்கள் மகள்