ஆடு தெளிவாக இருக்கிறது, சவரி

என் செல்லத் தம்பி சவரிக்கு, பாவிப்பயலே,

அம்மாவுக்கு உன் முகம் மறந்துகொண்டு வருகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று கேப்பைக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டு, "ரோசி, அவனுக்கு மச்சம் எந்தக் கன்னத்துலடி இருந்துச்சு?" என்று கேட்டாள். வலது கன்னம் என்று டக்கென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தெருவில் கேட்டால் பாதிப் பேர் வலது என்கிறார்கள், பாதிப் பேர் இடது என்கிறார்கள். எந்தக் கன்னம்டா?

கல்லறைத் திருநாள் வருகிறது. உன் கல்லில் ஒரு போட்டோ பதிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். போட்டோவுக்கு நான் எங்கே போவேன்? திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்து, வல்லம் வரைக்கும் ஒரு கல்யாணம் விடாமல் எடுத்தவன் நீ. உன்னை எடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! 1993-இல் சின்னப் பையனாகக் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது எடுத்த படம் இருக்கிறது. கையில் மெழுகுவர்த்தி, வெள்ளைச் சட்டை, ஃபிளாஷுக்குப் பயந்து இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருக்கிறாய்; முகம் வெளுத்துப்போய் மச்சமும் தெரியவில்லை. மச்சம் எது, மைப்புள்ளி எது என்று தெரியாத ஆதார் அட்டைப் படத்தைக் காட்டினேன். "இது யாருடி, திருட்டுப் பய மாதிரி?" என்று அம்மா தள்ளிவிட்டாள். உன் போன் லாரிக்கு அடியிலேயே நொறுங்கிப்போனது.

உன் கம்ப்யூட்டரைத் திறந்தால் துருதான் இருக்கிறது. மூடிப்போன மல்லாட்டை எண்ணெய் மில்லின் பல்சக்கரம், விழுப்புரத்தில் புல்லுக்குள் கிடந்த ரோடு ரோலர், கைப்பிடி இல்லாத வால்வு, பேர்ப்பலகை உதிர்ந்த மோட்டார். எத்தனை தடவை உன்னைத் திட்டியிருப்பேன்! "ஏன்டா, நல்ல கல்யாண ஆர்டர வுட்டுட்டு இந்தத் துருவப் புடிச்சிக்கினு சுத்துறியே, பேஜாரு புடிச்சவனே" என்றால், "பொண்ணு மாப்ள மூஞ்சில இவ்ளோ கலரு கிடையாதுக்கா, வந்து பாரு" என்பாய்.

ஹெச்.டி.ஆர். என்று நீ சொன்னது எனக்கு இப்போதுதான் புரிகிறது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு தடவை அமுக்கினால், ஒரே காட்சியை அதுவே மூன்று தடவை எடுக்கும். ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வெளிறிப்போக. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் நிழலில் கிடப்பதும் வெயிலில் கிடப்பதும் சேர்ந்தே தெரியும். துருவின் ஒவ்வொரு செதிலையும் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். அந்த ஆசைதானே உன்னை அன்றைக்கு மயிலம் பக்கம் இருந்த பழைய ரைஸ் மில்லுக்கு இழுத்துக்கொண்டு போனது? திரும்பி வரும்போது பைபாஸில் லாரி. கேமராப் பையை மார்போடு கட்டிப் பிடித்திருந்தாயாம். லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. தலையைப் பிடித்திருக்கக் கூடாதாடா?

அந்தப் பையைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இல்லாமல்தான் போன வாரம் கேமராவிலிருந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு உன் பார்ட்னர் செல்வத்திடம் போனேன். கடைசியாக இருந்தவை மூன்றே படங்கள். நெல் அவிக்கிற பெரிய பாய்லர், அதன் காலடியில் ஒரு வெள்ளாடு. கை பழகிய வேகத்தில் செல்வம் மூன்றையும் சேர்த்துவிட்டான்.

"சூப்பரா வந்துருக்குக்கா. ஓரத்துல ஒரு கோஸ்ட் வுழுந்துருக்கு. தோ, இந்த பாக்ஸ்ல டிக் பண்ணா போயிடும்."

"கோஸ்ட்டுன்னா?"

"நகர்ந்தது எதுனா இருந்தா இப்படித்தான்க்கா, பேய் மாதிரி லேசா நிக்கும். எடுத்துடலாம்."

சொல்லிக்கொண்டே டிக் பண்ணிவிட்டான். அந்த ஒரு நொடிக்கு முன்னால்தான் நான் பார்த்தேன், சவரி. உன் கட்டம் போட்ட சட்டை.

"டேய்! அவனக் கொண்டாடா திரும்ப!" என்று நான் போட்ட சத்தத்தில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். செல்வம் டிக்கை எடுத்தான். நீ மறுபடி வந்தாய். அவன் அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

தனித்தனியாகவும் பார்த்துவிட்டோம். இருட்டுப் படத்தில் நீ இல்லை, நடுப்படத்திலும் இல்லை. ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும் அந்த வெளிறிய படத்தில் மட்டும், ஆட்டை விரட்டக் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வருகிறாய். முகம் ஈரக்கையால் துடைத்த மை மாதிரி இழுபட்டிருக்கிறது. அந்த மூதேவி ஆடு நகரவே இல்லை, அதன் தாடிமயிர்கூட எண்ணுகிற மாதிரி தெரிகிறது. பாய்லரின் ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது. உயிரோடு ஓடி வந்த உன்னைத்தான் காணோம். அந்த மூன்று படங்களுக்கு நடுவில் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என் புள்ளதான்டி. ஆட்ட வெரட்டிக்கினு ஓடுறான் பாரு. எங்க நின்னான் அவன் ஒரு எடத்துல?"

அப்புறம் உன் நெஞ்சில் விரலை வைத்தாள். "ஏன்டி ரோசி, இவன் உள்ளாற அந்த பாய்லர் தெரியுதே?"

நான் கொல்லைப் பக்கம் ஓடிப்போய்விட்டேன்.

கல்லில் படம் பதிக்கிறவர், "முகமே இல்லீங்களே, இத எப்படிம்மா வெக்கிறது?" என்கிறார். வைத்துத்தான் ஆக வேண்டும் என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லில் அந்தப் படம்தான் இருக்கும். பாய்லர், ஆடு, நீ. பங்குச் சாமியார் கேட்டாலும் சரி, ஊரே சிரித்தாலும் சரி. நான் இருக்கிற வரைக்கும் அந்த டிக்கை ஒருத்தனையும் போட விடமாட்டேன். நீ ஓடுடா.

இப்படிக்கு,
எந்தக் கன்னம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்
உன் ரோசக்கா