நீல மையில் ஃபிதெலினாவின் முகம்

இதாக்வீ
ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை

என் செல்ல மகள் மார்யோரிக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. பில்பாவோவில் இப்போது வெயில் காலம் என்றாய், இருந்தாலும் ஆஸ்பத்திரி சலவையறையிலிருந்து வேர்த்த உடம்போடு வெளியே வந்து காற்றில் நிற்காதே. போன ஞாயிற்றுக்கிழமை என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன். ஒன்று இருந்தது. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உபால்தோவை உனக்குத் தெரியும், எங்கள் பட்டறையில் அச்சடிக்கும் பிளேட் கழுவும் மெஷினில் நிற்பவர், உன் பதினைந்தாவது பிறந்தநாளுக்குப் பன்றி வறுத்துக் கொடுத்தவர். அவருடைய அக்கா ஃபிதெலினாவை நீ பார்த்திருக்க மாட்டாய். அறுபத்தொரு வயது, பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அக்காவும் தம்பியும் கையாலேயே ஒரு பாஷை வைத்திருக்கிறார்கள், இந்த உலகத்தில் அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் புரியும். ஜூன் மாதம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக அவளை வடக்குப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். டிக்கெட் வாங்க வரிசையில் நின்றவர் திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை, சுவரொட்டி எல்லாம் ஆயிற்று. ஐந்து வாரத்தில் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். பாத்திரம் கழுவினால் கூட அந்தக் கையில் அவ்வளவு பொறுமை இருக்கும், அவரே இரண்டு பிளேட்டை அதிகம் தேய்த்துப் பாழாக்கினார்.

ஒரு காலை பால் பைக்கு அச்சுப் பிளேட் செய்துகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது, சுவரொட்டியை யார் நின்று படிக்கிறார்கள், பால் பையைத் தொடாத வீடு எது. பால் ஆலையில் பை வாங்கும் பொறுப்பில் இருக்கும் தோன்யா அமாந்தாவுக்கு போன் போட்டு, ஃபிதெலினாவின் முகத்தைப் பையில் போட முடியுமா என்று கேட்டேன். தன் கையில் இல்லை என்றாள், மறுநாள் அவளே கூப்பிட்டு, பையின் பின்பக்கம் பரிசுப் போட்டி விளம்பரம் போடும் கட்டம் ஒரு வாரத்துக்குக் காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டம். பையின் எழுத்து நீலம், அதனால் முகமும் நீலத்தில்தான் வரும்.

உனக்கு என் வேலையை நான் உட்கார்ந்து சொன்னதே இல்லை. ஆறு வயதில் பட்டறைக்கு வந்து பிளேட்டைப் பார்த்து மிட்டாய் என்று கடிக்கப் போனாய், அவ்வளவுதான். கேள். அந்தப் பிளேட் வரும்போது மெத்தென்று ஒரு பிசின் தாள். மேலே கறுப்பாக ஒரு பூச்சு, படத்துக்கு வேண்டிய இடத்தில் மட்டும் லேசர் அந்தக் கறுப்பைச் சுரண்டிவிடும். மஞ்சள் விளக்கு அறையில் வைத்து முதலில் முதுகுப் பக்கம் கொஞ்ச நேரம் ஊதா வெளிச்சம் காட்டுவேன், அதில் அடித்தளம் கெட்டிப்படும். பிறகு முன்பக்கம். கறுப்பு போன இடத்தில் வெளிச்சம் விழுந்து பிசின் இறுகிவிடும், மற்ற இடம் இளகியே இருக்கும். கழுவும் மெஷினில் போட்டால் தூரிகைகள் இளகினதையெல்லாம் தின்றுவிட்டு இறுகினதை விட்டுவைக்கும். முகம் என்றால் அது ஆயிரக்கணக்கான புள்ளி, ஒவ்வொன்றும் ஊசி முனை அளவு கோபுரம். வெளிச்சம் குறைந்தால் புள்ளி உதிரும், கூடினால் ஒன்றோடொன்று ஒட்டும்.

இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். ஃபிதெலினாவின் உதட்டோரத்திலிருந்து தாடை வரை ஒரு தழும்பு உண்டு, அதைப் பார்த்தால்தான் அவள் என்று தெரியும். முதல் பிளேட்டைக் கழுவி உலர்த்தி ஒரு தாளில் அடித்துப் பார்த்தோம். கண் இருந்தது, மூக்கு இருந்தது, தழும்பு இல்லை. அவ்வளவு மெல்லிய வெள்ளைக் கோட்டைப் புள்ளிகள் அடைத்துவிட்டன. உபால்தோ அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்க அக்கா இல்ல நோஹேலியாக்கா, இது யாரோ ஒரு அம்மா" என்றார்.

வெளிச்ச நேரத்தை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. சரி, புள்ளியை நம்ப வேண்டாம், தழும்பைத் தனிக் கோடாக வரைந்து படத்தில் சேர்த்துவிடலாம், எப்படிப் போகும் என்று நீங்களே வரைந்து காட்டுங்கள் என்று பென்சிலைக் கொடுத்தேன். படத்தைப் பார்க்காமலே ஒரே இழுப்பில் வரைந்தார், நடுவில் லேசாக வளைந்து கீழே கிளை பிரியும் இடம் வரைக்கும். இவ்வளவு நன்றாக எப்படித் தெரியும் என்று சும்மாதான் கேட்டேன். பென்சிலை வைக்காமலே சொன்னார். "நான் போட்ட தழும்புக்கா அது. எனக்கு ஒம்பது வயசு. வெட்டுக்கத்திய சுழட்டி வெளையாடிட்டிருந்தேன், அக்கா குறுக்க வந்துருச்சு. கம்பி வேலி கிழிச்சிருச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன். அக்கா கையால நடந்ததச் சொல்லத்தான் செஞ்சுது. அது சொன்னது எனக்கு மட்டுந்தானே புரியும்."

அந்தக் கோட்டைப் படத்தில் சேர்த்து, புதுப் பிளேட்டை வெளிச்சத்துக்குக் கொடுத்தேன். கழுவ அவர்தான் நின்றார். வெளியே வந்த பிளேட்டைச் சாய்த்துப் பிடித்தபோது அதன் மேல் ஃபிதெலினா இருந்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி, நிறமே இல்லாமல், ஆனால் அவளேதான். ஈரம் போகட்டும் என்று உலர்த்தும் அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, பிசுபிசுப்பு போக இன்னொரு வெளிச்சம் காட்டி, பிறகு விரலால் தடவினேன். கோடு விரலில் தட்டியது. இருபத்திரண்டு வருஷமாகச் சோப்பு உறைக்கும் பிஸ்கட் உறைக்கும் பால் பையின் மாட்டுத் தலைக்கும் பிளேட் செய்த கை இது. வெறும் பிசினும் வெளிச்சமும் சேர்ந்து ஒரு மனுஷியின் முகமாக எழுந்து நிற்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். என்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன், உபால்தோவும் போட்டுக்கொண்டார்.

மூன்று லட்சம் பை அச்சாகிப் போயிற்று. ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. பத்தாம் நாள், சாந்தா ரோசா பக்கம் மலைமேல் ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரி, ஓலிவா என்று பெயர், பையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். ஜூன் மாதம் பேருந்திலிருந்து இறங்கி மழையில் நின்ற பெண்ணைக் கூட்டிவந்து தன்னோடு வைத்திருக்கிறாள், போலீஸிலும் சொல்லியிருக்கிறாள், பேர் ஊர் தெரியாததால் எந்தப் புகாரோடும் பொருந்தவில்லை. அன்று காலை பாலைக் காய்ச்சப் பையை வெட்டப் போனபோது ஃபிதெலினா பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஓலிவா பயந்திருக்கிறாள். இவள் பையைப் பிடுங்கித் துணியால் துடைத்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறாள். எழுதத் தெரியாதவள், கேட்காதவள், பேசாதவள், தன்னைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று உபால்தோ என்னையும் அழைத்துப் போனார். பள்ளிச் சமையலறையில் ஃபிதெலினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் எழுந்து வந்து முதலில் தோளில் ஓங்கி ஓர் அடி, பிறகு கட்டிக்கொண்டாள், அப்புறம் கை ஓயாமல் பேச ஆரம்பித்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அழுதுகொண்டே சிரித்தார், "ஏன் என்னை நீலமா ஆக்கி வெச்சிருக்கேன்னு கேக்குதுக்கா" என்றார். கழுவிக் காயவைத்த பையை அவள் தலையணைக்கடியிலிருந்து எடுத்து வந்து, பையிலிருந்த தழும்பின் மேல் விரலை ஓட்டினாள், பிறகு தன் தாடையில், பிறகு அந்த விரலால் தம்பியின் நெஞ்சில் இரண்டு தரம் குத்தினாள். இவன் என் தம்பி என்று சொல்கிறாள் போல என்று ஓலிவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உபால்தோ தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்று ஆட்டினார். பிறகு நிமிர்ந்து, "இல்லம்மா, இந்தக் காயம் நான் போட்டதுன்னு சொல்லுது. நெசந்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஐம்பது வருஷம் கழித்து அவள் சொன்னதை ஒருவர் எடுத்துச் சொல்லிவிட்டார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு உட்கார்ந்து மீதிக் கிழங்கையும் உரித்து முடித்துவிட்டுத்தான் எங்களோடு கிளம்பினாள்.

இதுதான் என் குரலில் இருந்தது. செப்டம்பரில் உன் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், தேதியை மறந்துவிடாதே, எல்லாத் தாளிலும் இரண்டு இரண்டு பிரதி வைத்துக்கொள். ரொட்டியைத் தின்றே காலம் தள்ளாமல் பருப்பும் அவரையும் வேகவைத்துச் சாப்பிடு. பக்கத்து வீட்டுக்காரி பேர் என்ன என்று கேட்டால் தெரியாது என்கிறாய், இந்த வாரமே போய்க் கதவைத் தட்டி உன் பேரைச் சொல்லி வை. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மாதா தன் போர்வைக்குள் உன்னை வைத்துக்கொள்ளட்டும். அப்பாவும் முத்தம் அனுப்பச் சொன்னார்.

உன்னைப் பெற்றவள்,
நோஹேலியா