கீழே இருந்து வராத பதில்

என் அருமை மச்சான் தவத்துக்கு,

நீ போய் இரண்டு வசந்தமாகிறது. நல்ல செய்தியோடு தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் இந்த ஊர் பேக்கரிக்காரி என்னை எழுத வைத்துவிட்டாள். நேற்று பாண் வாங்கப் போனேன். என்னைக் கண்டதும் மேசையில் எரிந்த மெழுகுதிரியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

நடந்தது இதுதான். இரண்டு கிழமைக்கு முன் என் மகள், உன் மருமகள் கீர்த்தி என்னைப் பழைய நிலவறைக்குள் கூட்டிப்போனாள். புது வைன் நொதித்துப் பொங்குகிற நேரம், அதிலிருந்து வரும் நச்சுக்காற்று கீழேயே தங்கி நிற்கும். முழங்கால் உயரத்தில் மெழுகுதிரியைப் பிடித்தபடி இறங்கவேண்டும், சுடர் சாய்ந்தால் அந்த நொடியே திரும்பவேண்டும் என்று நீ எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! பெரிய பீப்பாவுக்குக் கிட்டப் போனதும் சுடர் படுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சாமி விளக்கு அணையப் பார்த்தால் கை தானாகப் போய்ப் பொத்துமே, அப்படியே குந்தியிருந்து பொத்திவிட்டேன். போதாதென்று மற்றக் கையால் லைட்டரையும் தேடினேன். பக்கத்தில் ஏதோ கீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாருடைய போனோ என்று நினைத்தேன். அது கீர்த்தியின் நெஞ்சில் தொங்கிய காற்று அளக்கும் கருவி.

"அப்பா, விடுங்கோ அதை! மேல! மேல!" என்று என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். அறுபத்தேழு படி. மேலே நின்ற ஹில்டே அம்மா, அதுதான் உன் பழைய முதலாளியம்மா, முதலில் வெளிறிப்போனா. பிறகு விசயம் விளங்கினதும் சிரித்தா. அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எல்லாருக்கும் அது பகிடி. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை மச்சான். ஏனென்றால் அந்த நிலவறை இனி கீர்த்தியுடைய பொறுப்பு. அவுஸ்பில்டுங், அதுதான் வைன் தொழிற்படிப்பு, முடித்துவிட்டாள். எத்தனையோ பெரிய இடங்களில் கேட்டார்களாம், அவளுக்கு உன்னுடைய இடம்தான் வேண்டுமாம். சனிக்கிழமை கதவுத் திறப்பைக் கையில் கொடுக்கிறோம் என்று ஹில்டே அம்மா சொல்லிவிட்டா.

உனக்குத் தெரியும், நான் பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவன். இந்த ஊரின் சரித்திரத்தை நான் படித்ததில்லை, நகரசபை விளக்குமாற்றால் கூட்டித்தான் தெரிந்துகொண்டேன். மதில் வாசலில் இருந்து தேவாலயம் வரை எத்தனை கல் ஆடுகிறது என்று கேள், சொல்வேன். மலைச்சரிவில் திராட்சைக் கொடிகளைத் தாங்கி நிற்கும் கல்லடுக்குகள் ரோமர் காலத்துச் சங்கதி என்கிறார்கள். நிலவறையைத் துறவிகள் கையாலேயே குடைந்தார்களாம். போர்க்காலத்தில் குண்டு விழுந்தபோது ஊரே அதற்குள் போய் இருந்ததாம். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு நீ சொன்னது ஞாபகமிருக்கிறதா? "எங்கட ஊர்ச் சண்டையில பங்கருக்குத் தப்பி ஓடி வந்தால், இஞ்சயும் பங்கருக்குள்ளதான் வேலை!"

கீழே இருக்கும் கறுப்புச் சிலேட்டுக்கல் பலகையை மறப்பாயா? ஒவ்வொரு நிலவறைக்காரரும் தன் பெயரை ஆணியால் கீறிவிட்டுப் போன பலகை. கடைசிப் பெயர் உன்னுடையது, தமிழில், மூன்று எழுத்து. மரபுச் சங்கத்துக்காரர் போன வருடம் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். அதில் உன் பெயரைப் போட்டு, 'பழங்காலக் கல்தச்சர் அடையாளமாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டார்கள். நான் விளக்குமாறோடு போய், "அது கல்தச்சரில்லை, என்ரை மனுசியின்ரை அண்ணன்" என்று சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் நம் குடும்பத்தில் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த அந்த நாள்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போதெல்லாம் நீ கீழே, நான் மேற்படியில். உன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மற்ற முனை என் கையில். இடைக்கிடை நான் கூப்பிடவேண்டும், நீ பதில் தரவேண்டும். அதுதான் அந்த நிலவறையின் வழக்கம்.

"இருக்கிறியோ மச்சான்?"

"இல்லை, செத்துப் போனன்!"

ஒவ்வொரு இலையுதிர்காலமும் இதே பகிடி. அந்த வருடம் மூன்றாம் தரம் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. விளையாடுகிறாய் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு ஹில்டே அம்மாவின் புருசனும் நானும் கயிற்றை இழுத்து உன்னை மேலே எடுத்தோம். கண்ணைத் திறந்து நீ சொன்ன முதல் சொல், "வதனிக்குச் சொல்லாதை." நான் சொல்லவில்லை. உன் தங்கச்சிக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில் உன்னைக் கொண்டுபோனது நிலவறை இல்லை, நெஞ்சுவலிதான். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றும் அப்படித்தான் கூப்பிட்டேன். நீ பதில் தரவில்லை.

வெள்ளிக்கிழமை கீர்த்தியைக் கூப்பிட்டு இருத்தினேன். சத்தியத்தை மீறினேன், மன்னித்துக்கொள். பிள்ளை தனியக் கீழே போகமுதல் தெரிந்திருக்கவேண்டும் என்று பட்டது.

"பிள்ளை, உன்ரை மாமா ஒருக்கா அதுக்குள்ள மயங்கி விழுந்தவர்."

அவள் ரொட்டியைப் பிய்த்தபடி, "தெரியும் அப்பா" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"மாமாதான். எனக்குப் பன்னிரண்டு வயசிலயே சொல்லிப்போட்டார். நீங்கள் கயித்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதனீங்களாம்."

அடேய் மச்சான்! இத்தனை வருடம் நான் வாயைப் பூட்டி வைத்திருந்தது ஆருக்காக?

"பயமில்லையோ உனக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு. அதாலதானே மீட்டரும் போட்டுக்கொண்டு போறன். மெழுகுதிரியை மட்டும் நம்பினா ஏலாது எண்டு மாமாவே சொன்னவர். காத்தை வெளிய தள்ளுற காத்தாடியும் முதலே ஓடும். நீங்கள் மேல நில்லுங்கோ, அது காணும்."

காணுமா, அது போதுமா? நீ விழுந்த அன்றும் நான் மேலேதானே நின்றேன்?

சனிக்கிழமை மத்தியானம் வெயில் நன்றாக இருந்தது. சங்கத்துக்காரர், அயலட்டைச் சனம், மெழுகுதிரிப் பகிடியைத் தொடர ஆசைப்பட்ட பேக்கரிக்காரி, எல்லாரும் வாசலில். வதனி புதுச்சேலை கட்டி முன்னுக்கு நின்றாள். கீர்த்தியின் இடுப்பில் கயிற்றை நான்தான் கட்டினேன். மூன்று முடிச்சு. "அப்பா, மூச்சு விட ஏலாமல் இருக்கு" என்றாள். ஒன்றை அவிழ்த்தேன்.

இறங்கினாள். வெளிச்சம் படிகளில் சுருங்கிச் சுருங்கிப் போனது.

"இருக்கிறியோ பிள்ளை?"

"ஓம் அப்பா!"

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டேன். ஓம் வந்தது, சின்னதாக. மூன்றாம் தரம் கூப்பிட்டேன்.

ஒன்றுமில்லை.

மச்சான், சனத்தின் சத்தமெல்லாம் நின்றுபோனது. இருந்தது என் கையிலிருந்த கயிறும் அந்தக் கறுப்பு வாசலும்தான். திரும்பவும் கூப்பிடவில்லை. விளையாட்டென்று இந்த முறை ஒரு நொடிகூட நினைக்கவில்லை. காலை மதிலில் முட்டுக்கொடுத்து இழுத்தேன், என் உடம்பில் உள்ள பலமெல்லாம் போட்டு இழுத்தேன்.

"ஐயோ, இழுக்காதேங்கோ! பேர் கீறிக்கொண்டு நிக்கிறன், ஆணிச் சத்தத்தில கேக்கேல்லை!" என்று கீழேயிருந்து கத்தினாள். பிறகு ஒரு சிரிப்பு. "இன்னும் செத்துப் போகேல்லை அப்பா!"

ஊர்ச்சனத்துக்குத் தமிழ் விளங்கவில்லை. கைதட்டினார்கள். நான் படியில் குந்திவிட்டேன். "என்னப்பா, வேர்த்து ஊத்துது?" என்று வதனி கேட்டாள். வெயில் என்றேன்.

கீர்த்தி ஏறி வந்தாள். உன் பெயருக்குக் கீழே தன் பெயரைத் தமிழில் கீறியிருக்கிறாளாம். நான் இழுத்த இழுப்பில் கடைசி எழுத்தின் கோடு கல்லின் ஓரம் வரை ஓடிவிட்டதாம். இன்னும் நூறு வருடத்தில் அதைப் பார்த்து என்ன அடையாளம் என்று எழுதுவார்களோ?

ஹில்டே அம்மா திறப்பைக் கொடுத்தா. தகப்பன் ஒரு வார்த்தை பேசட்டும் என்றா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிளாசைத் தூக்கி, இவர்கள் குடிக்கமுதல் சொல்வதுபோல் "புறோஸ்ட்" என்றேன். நல்ல பேச்சு என்று பாராட்டினார்கள்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், பிடித்துக்கொள். என் காலில் பலம் உள்ளவரை ஒவ்வொரு இலையுதிர்காலமும் அந்த மேற்படியில் நிற்பேன். பதில் பிந்தினால் யார் சிரித்தாலும் இழுப்பேன். இனி ஒரு சுடரையும் பொத்தமாட்டேன்.

திறப்பை வாங்கிக்கொண்டு அவள் என்னிடம் ஓடிவந்து, "சந்தோசமோ அப்பா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஓமுக்குப் பின்னால் இரண்டு சொல் பல்லுக்குள் நின்றது. அவளுக்கும் சொல்லவில்லை, வதனிக்கும் சொல்லவில்லை. நீ விழுந்த அன்று அதில் ஒன்றையாவது உனக்குச் சொல்லியிருக்கவேண்டியது, அன்றும் சொல்லவில்லை: போகாதை, பிள்ளை.

இப்படிக்கு,
உன் கயிற்றின் மற்ற முனையைப் பிடித்திருந்தவன்,
உன் தங்கச்சி புருசன்