ஒட்டு உறவு இல்லாத ஆய்வாளர்

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாண்டு உயிரோடு இருக்கிறான்.

நேற்று பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஓர் அட்டையைக் கொடுத்தார். "நான் நலம்", "எனக்குக் காயம்" என்று அச்சடித்த இரண்டு வரிகள். இரண்டாவது வரி அடிக்கப்பட்டிருந்தது. கீழே அவன் கையெழுத்தும் ஒரு முகாம் எண்ணும். எதிரி நாட்டில் போர்க்கைதியாக இருக்கிறான். இத்தனை நாள் "காணவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழுதால் பிள்ளை போய்விட்டான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி, அழாமல் இருந்தால் கல்நெஞ்சக்காரி மாதிரி. என்ன செய்வதென்று புரியாமல் கிடந்தேன். நேற்றுதான் நிம்மதியாக அழுதேன். உன் அத்தான் பஸ் டிப்போவிலிருந்து வந்து, "அதான் கிடைச்சுட்டானே, அப்புறம் எதுக்கு அழற?" என்று அதட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

நகராட்சி சுகாதார வேலையை விட்டுவிட்டு நடுநிலைக் குழுவில் சேர்ந்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதினாயே, கைதி முகாம்களைச் சோதிக்கும் வேலை என்று. நம் பிறந்த நாடு இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராததால் எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்ட எனக்கு இதுவரை ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. இப்போதாவது இருக்கட்டும். முகாம் எண்ணைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். போய் அவனைப் பார். அவனுக்குக் குளிர் ஆகாது. கம்பளிச் சட்டை ஒன்று பின்னி முடித்துவிட்டேன், உனக்கு அனுப்பிவைக்கிறேன்.

முகாம் அதிகாரியிடம் நீ யார் என்று சொல். தாய்மாமன் என்று தெரிந்தால் கொஞ்சம் பார்த்து நடத்துவார்கள். எங்கேயும் அப்படித்தானே? வாண்டுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததே தலைமை ஆசிரியர் வீட்டுக்கு நான் துணி தைத்துக் கொடுத்த பழக்கத்தில்தான். ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும், தம்பி.

உன் வரவுக்கு அல்ல, உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

*

பிப்ரவரி 27

அன்பு அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தேன். படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். "பல்வலி" என்றேன். சிரிப்புக்குப் பல்வலியைக் காரணம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருக்கிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேரும்போது, போரிடும் எந்தப் படையிலாவது உறவினர் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அன்று அது உண்மை. வாண்டு அப்போது அத்தானோடு டிப்போவில் கை முழுக்க கிரீஸோடு நின்றுகொண்டிருந்தான். பிறகு அவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டதாக நீ எழுதினாய். அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை எடுத்துவிடுவார்கள். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அவனுக்காகச் சொல்லாமல் இருந்தேனா, வேலைக்காகவா? எனக்கே தெளிவாக இல்லை.

இது சிபாரிசு செய்யும் வேலை இல்லை, அக்கா. ஒரு டாக்டரும் நானும் போகிறோம். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே டேப் பிடித்து அளப்பேன். போர்வைக்குள் கையை விட்டு ஈரம் பார்ப்பேன். சமையலறையில் அண்டாவின் அடியிலிருந்து கெட்டியாக அள்ளிக் காட்டுவார்கள். நான் கைதியின் தட்டில் என்ன விழுகிறது என்றுதான் பார்ப்பேன். கழிவறையில் கண்ணை நம்ப மாட்டேன், சுண்ணாம்பு அன்று காலையில்தான் தூவியிருப்பார்கள். கடைசியில் காவலர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கைதிகளின் பிரதிநிதியோடு தனியாகப் பேசுவோம். பிறகு எழுதும் அறிக்கையை இரண்டு அரசாங்கமும் ஏற்றுக்கொள்ளும். எதனால் தெரியுமா? அங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் யாரும் இல்லை என்பதால்தான்.

ஆகவே கம்பளிச் சட்டையை எனக்கு அனுப்பாதே. கைதிகளுக்கான தபாலில் அவனுக்கே அனுப்பு. அந்த முகாம் என் சுற்றில் வருகிறதா என்று கேட்காதே. நான் இந்த வேலையில் இருப்பதை அக்கம்பக்கத்தில் மூச்சுவிடாதே.

அன்புடன்
தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உன் விஷயத்தில் டேப் மட்டும்தான் ஆடுகிறது போலிருக்கிறது.

சரி, நான் குத்திக்காட்டவில்லை. இன்னொரு அட்டை வந்தது. இந்தத் தடவை நாலு வரி எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். "கால் இப்போது பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறான். இப்போது என்றால் முன்பு என்ன ஆயிற்று? காயம் இல்லை என்று அடித்து அனுப்பினானே? எந்தக் கால்? அத்தான் இடது கால் என்கிறார். அவன் பந்து உதைப்பது அந்தக் காலால்தானாம். நான் வலது கால் என்கிறேன், எனக்கு ஒரு காரணமும் கிடையாது. இதை வைத்துச் சாப்பிடும்போதெல்லாம் சண்டை. நேற்று அவர் பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டார். இல்லாத பிள்ளையின் காலுக்காக இரண்டு கிழங்கள் அடித்துக்கொள்கிறோம்.

நீ அவனோடு பேச வேண்டாம். தட்டிக்கொடுக்க வேண்டாம். கட்டிலை அளக்கும்போது கீழே குனிவாய் அல்லவா, அப்போது அந்தக் காலை மட்டும் பார்த்துவிட்டு வா. அதற்கும் சட்டத்தில் இடம் இல்லையா?

அக்கா

*

ஏப்ரல் 20

அக்கா,

படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போடு. எழுதக் கூடாததை எழுதுகிறேன்.

வாண்டைப் பார்த்தேன்.

வரிசையில் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. கைதிகளின் பிரதிநிதி என்று கூட்டிவந்து எங்கள் எதிரே உட்கார வைத்தார்கள், அது அவன்தான். முன்பு பிரதிநிதியாக இருந்தவருக்கு நெஞ்சு கெட்டு இரத்தமாகத் துப்புகிறாராம், அதனால் எல்லோரும் சேர்ந்து இவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் வாண்டை! கடைக்கு அனுப்பினால் மீதிக் காசை மறந்துவிட்டு வருபவனை.

"வணக்கம் ஐயா" என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான், கண்ணில் ஒரு அசைவும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். தண்ணீர் எவ்வளவு வருகிறது, கல்லுடைக்கும் இடத்தில் யார் அடிக்கிறார்கள், தபால் எத்தனை நாள் நிறுத்திவைக்கப்படுகிறது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியாக, "காசநோய்க்காரங்களையும் எங்ககூடவே படுக்க வச்சிருக்காங்க ஐயா. பக்கத்துல ஒரு கிடங்கு சும்மாதான் கிடக்கு. அவங்களை அங்க மாத்தச் சொல்லுங்க. வேற எதை விட்டாலும் இதை விட்டுடாதீங்க. இல்லன்னா நாங்க வரிசையாப் போய்ச் சேந்துடுவோம்" என்றான்.

டாக்டர் கை கழுவ வெளியே போனார். அந்த நேரத்தில் என்னால் அடக்க முடியவில்லை. "டேய் வாண்டு" என்று கூப்பிட்டுவிட்டேன். அவன் என் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயா யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசறீங்க. கழிவறையை இன்னும் அளக்கல, வாங்க" என்று எழுந்து முன்னால் நடந்தான். இடது காலை இழுத்து நடக்கிறான். அத்தானிடம் அவர் சொன்னதுதான் சரி என்று சொல்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீசையை எடுத்துவிட்டேன், அதனால் அடையாளம் தெரியவில்லையா? தெரிந்துகொண்டே வேண்டாம் என்றானா? பட்டாளத்துக்குப் போகாதே, இங்கே ஓடிவந்துவிடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று கோபமா? ரயிலில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. அவன் தாடை எலும்பு தெரிகிறது. ஆனால் குரல் திடமாக இருக்கிறது.

அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு கடுமையாக நான் எதையும் எழுதியதில்லை. அந்தக் கிடங்கை நோயாளிகளுக்குத் திறந்துவிட எதிர்த்தரப்பு அநேகமாகச் சம்மதிக்கும் என்கிறார் எங்கள் தலைவர்.

தம்பி

*

மே 6

என் அருமைத் தம்பிக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அத்தான் ஒரு முறை, நான் எத்தனையோ முறை படித்தோம். கால் விஷயத்தில் ஜெயித்தவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "வலது காலாவே இருந்திருக்கலாம், எந்தக் காலும் இல்லாம இருந்திருக்கலாம்" என்று என்னென்னவோ உளறுகிறார்.

அவன் உன்னைத் தெரியாதது போல் நடந்துகொண்டது எனக்கும் புரியவில்லை. தூளியில் போட்டு ஆட்டிய மாமனைப் பிள்ளைக்குத் தெரியாதா? அங்கே ஏதாவது மருந்து கொடுத்து மயக்கி வைத்திருக்கிறார்களா? அல்லது அது நம் பிள்ளையே இல்லையா? இடது காதுக்குக் கீழே மச்சம் இருந்ததா? இரத்தம் துப்புகிறவர்கள் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

சும்மா இருக்க முடியாமல் நானும் என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். கம்பளிச் சட்டையை முகாமுக்கு அனுப்பினேன் அல்லவா, அதோடு அந்த அதிகாரிக்கும் ஒரு ஜோடி கையுறை பின்னி வைத்து, மரியாதையாக ஒரு கடிதமும் எழுதினேன். "சென்ற மாதம் உங்கள் முகாமுக்கு வந்த ஆய்வாளர் என் உடன்பிறந்த தம்பி. கைதிகளின் பிரதிநிதியாக இருப்பவன் என் ஒரே மகன். அவனை மட்டும் நோயாளிகள் இல்லாத அறைக்கு மாற்றினால், உங்களைப் பற்றி நல்லவிதமாக எழுதும்படி என் தம்பியிடம் சொல்கிறேன்" என்று. தப்பாக ஒன்றும் எழுதவில்லையே? அவரும் பிள்ளைகுட்டிக்காரராகத்தான் இருப்பார். அடுத்த முறை நீ போகும்போது அவர் முகம் மலர்ந்து வரவேற்பார் பார்.

உன்
அக்கா

*

ஜூலை 2

அக்கா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்துவிட்டேன்.

முகாமை நடத்தும் எதிர்த்தரப்பு அரசாங்கத்தின் ஆள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நீ அதிகாரிக்கு எழுதிய கடிதத்தை மேஜையில் வைத்தார். கையுறைகளையும் வைத்தார். கடிதத்தை உரக்கப் படித்தார்கள். உன் எழுத்தை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. என் டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

என்னை நீக்கிவிட்டார்கள். அது போகட்டும். நான் எழுதிய அறிக்கைகள் ஒன்றுகூடச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கைதியின் மாமன் எழுதிய அறிக்கையை யார் நம்புவார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். விசாரணை முடியும்வரை அந்த முகாமுக்குள் வேறு ஆய்வாளரையும் விட மாட்டார்களாம். கிடங்கு பூட்டியே கிடக்கிறது. நோயாளிகள் அதே அறையில்தான் இருக்கிறார்கள். பிரதிநிதி பதவியிலிருந்து வாண்டை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் காதில் விழுந்தது. அங்கேயே இருக்கிறானா, வேறு எங்காவது அனுப்பிவிட்டார்களா? கேட்கும் உரிமை இப்போது எனக்கு இல்லை.

அவன் ஏன் என்னைத் தெரியாதது போல் இருந்தான் என்று இப்போது புரிகிறது. நம் இரண்டு பேருக்கும் புரியாதது அந்தப் பொடியனுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே புரிந்திருக்கிறது. மாமா என்று கூப்பிட அவனுக்கு மட்டும் ஆசை இருந்திருக்காதா?

உன் மேல் கோபப்படத்தான் பார்த்தேன். ஆனால் முதலில் மறைத்தவன் நான், பிறகு உனக்கு எழுதியவனும் நான். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு நாள் உன் மேல், ஒரு நாள் என் மேல். இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினால் பிரித்துப் படிப்பேன், படித்தால் பதில் எழுதத் தோன்றும்.

தம்பி

*

ஜூலை 19

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

நான் செய்ததை நியாயப்படுத்தப் போவதில்லை. எத்தனையோ தாய்மார்கள் பெற்ற பிள்ளைகள் படுத்திருக்கும் அறையில் என் பிள்ளையை மட்டும் தூக்கித் தனியே வைக்கப் பார்த்தேன். அதை எழுதிய நேரத்தில் அந்த மற்றவர்கள் என் நினைவிலேயே இல்லை. அத்தான் நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார், உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிடுகிறார்.

வாண்டின் அட்டை ஒன்று நேற்று வந்தது. ஏப்ரல் கடைசியில் எழுதியது, இத்தனை நாள் எங்கே கிடந்ததோ. நாலு வரியையும் அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, ஓர் ஆய்வாளர் வந்தார். யாரோ எவரோ, நல்ல மனிதர். கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தார். அவர் வந்து போனதிலிருந்து எங்கள் அறையில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்திருக்கிறது. மறுபடி எப்போது வருவார் என்று தினமும் என்னைக் கேட்கிறார்கள்."

இதற்கு நான் பதில் எழுத வேண்டும். அவன் இப்போது எங்கே இருக்கிறான், எழுதினால் போய்ச் சேருமா, அவன் இதற்குள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு என்னை வெறுத்துவிட்டானா, ஒன்றும் தெரியாது. வர மாட்டார், உன் அம்மாதான் காரணம் என்று எழுதிப் பார்த்தேன். அனுப்பக் கை வரவில்லை. "சீக்கிரம் வருவார்" என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். செய்தது சரியா தப்பா என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

அதனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். உனக்கு அந்த அலுவலகத்தில் இன்னும் யாராவது முகம் கொடுத்துப் பேசினால் அவர்களிடம் கெஞ்சிக் கேள். விசாரணை முடிந்ததும் முதல் வேலையாக அந்த முகாமுக்கு யாரையாவது அனுப்பச் சொல். நம் வீட்டைத் தெரியாதவராகப் பார்த்து அனுப்பச் சொல். உன்னைத் தெரியாத, என்னைத் தெரியாத, அவனோடு ஒட்டும் உறவும் இல்லாத யாரோ ஒருவர். அவர் கட்டில்களை அளக்கட்டும், அந்தக் கிடங்கைத் திறக்கச் சொல்லட்டும். என் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று அவர் எனக்கு ஒரு வரி எழுத வேண்டாம். அவருக்கு என் பெயர்கூடத் தெரிய வேண்டாம்.

அக்கா